நான் சொன்ன ‘சரி’யும் சொல்தா கேட்ட ‘சேரே’யும்

இதை எழுத ஒன்பது வருடம் தள்ளிப்போட்டேன். முதலில் வேலை போய்விடுமே என்று பயம். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பயம் எழுந்து போனது, அதே நாற்காலியில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் எட்டாவது வரை படித்தவன். வாழ்க்கையில் நான் எழுதியதெல்லாம் ஜாப் கார்டுதான். வண்டி நம்பர், ஓடிய கிலோமீட்டர், என்ன கோளாறு, என்ன செய்தோம். அதில் ஒரு முறை இரண்டே வார்த்தை பொய் எழுதினேன். (பொய்யாகப் போட்ட டிக்குகளை இதில் சேர்க்கவில்லை, அது வேறு கணக்கு.) அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு நீளம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் லூர்துசாமி. நெல்லித்தோப்பில் ஒரு ஷெட்டில் மூன்று வருடம் கையில் கிரீஸும் தலையில் குட்டும் வாங்கித் தொழில் கற்றேன். பிறகு தட்டாஞ்சாவடியில் ஒரு மோட்டார்சைக்கிள் டீலரின் சர்வீஸ் சென்டரில் இருபத்தெட்டு வருடம் வேலை. கடைசிப் பத்து வருடம் ஹெட் மெக்கானிக். எந்த வண்டியைத் தொட்டாலும் முதலில் டேங்கின் மேல் ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் ஸ்பானரை எடுப்பேன். திருநீறு பூசிய கஸ்டமர்கள்கூட, “அண்ணே, போன வாட்டி சிலுவை போட்டீங்க, வண்டி நல்லா ஓடுச்சி, இந்த வாட்டியும் மறந்துடாதீங்க” என்பார்கள். ஆண்டவருக்கு டேங்க் எது, நெற்றி எது என்று தெரியாமல் போகுமா?

இப்போது பிள்ளைகள் போனில் வீடியோ பார்த்து வாசலிலேயே ஆயில் மாற்றிக்கொள்கிறார்கள். அவர்களைப் பயமுறுத்துவதற்கு என் பழைய சர்வீஸ் சென்டரில் ‘சொல்தா கதை’ என்று ஒன்றைச் சொல்லி வந்தார்கள். சொந்தமாக வண்டியைத் திறந்து இஞ்சினைக் கெடுத்துக்கொண்ட ஒரு மடையரின் கதை. அந்தக் கதை பொய். அந்தப் பொய்யை உண்டாக்கியவன் நான். அதனால் என்னோடு வேலை செய்த தம்பிகள், “நடந்ததை நீங்களே எழுதிக் குடுங்கண்ணே” என்று கேட்டார்கள்.

முதலில் எங்கள் சர்வீஸ் மேனேஜரைச் சொல்ல வேண்டும். நமசிவாயம் சார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவர் சட்டையில் ஒரு சொட்டு ஆயில் பட்டு நான் பார்த்ததில்லை. காலை ஒன்பது மணிக்குப் பிள்ளையார் படத்துக்குக் கற்பூரம் காட்டுவார். நான் என் பங்குக்கு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வேன். அது முடிந்ததும் சிரித்த முகத்தோடு எங்கள் தவறுகளை வாசிப்பார். யார் செய்த தவறானாலும் ‘நாம’ என்றுதான் சொல்வார். “நேத்து நாம ஒரு கிளட்ச் கேபிளை அறுத்துட்டோம்.” “இன்னிக்கு நாம பத்து நிமிஷம் லேட்டு.” அறுத்தவனுக்கும் லேட்டாக வந்தவனுக்கும் அன்றைக்குச் சோறு இறங்காது. டார்க் ரென்சைத் தன் அறைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருப்பார். போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டுமோ அந்த அளவு வந்ததும் ‘டிக்’ என்று சொல்லும் ஸ்பானர் அது. வேண்டுமென்றால் அவரிடம் போய்க் கேட்டு வாங்க வேண்டும்.

வண்டியை ஏற்றி நிறுத்தி வேலை பார்க்கும் ராம்ப் பக்கம் கஸ்டமர் வரக் கூடாது என்பது அவர் சட்டம். வண்டியைக் கொடுத்துவிட்டு அவர்கள் கண்ணாடிக்குப் பின்னால் டீயும் டிவியுமாக உட்கார்ந்திருக்க வேண்டும். “கஸ்டமர் பார்த்தா நமக்குக் கை நடுங்கும் லூர்து. கஸ்டமர் கத்துக்கிட்டா நமக்கு வேலையே இருக்காது.” கஸ்டமருக்கு சர்வீஸ் சொல்லிக் கொடுப்பவன் மறுநாள் வர வேண்டியதில்லை என்றும் சொல்லி வைத்திருந்தார். அதை மட்டும் ‘நாம’ போடாமல் சொன்னார்.

சர்வீஸுக்குப் பதினெட்டு வேலை. ஒவ்வொன்றுக்கும் கார்டில் ஒரு கட்டம். ஒரு சனிக்கிழமை பதினாலு வண்டி வந்துவிட்டது. பதினோராவது வண்டியில் செயினைக் கழுவி ஆயில் போடாமலே அந்தக் கட்டத்தில் டிக் போட்டேன். அந்த வண்டி சொல்தாவுடையது.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு அந்த ஊர் பென்ஷனோடு வந்து இங்கே குடியிருப்பவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இவர் பெயர் கப்ரியேல். குருசுக்குப்பத்தில் வீடு. நேரில் ‘முசே’ என்றுதான் கூப்பிடுவோம். அப்போது அறுபத்தெட்டு வயது. இஸ்திரி போட்ட அரைக்கால்சட்டை, முறுக்கிவிட்ட மீசை. இலவச சர்வீஸ் மூன்றில் அது கடைசி. சர்வீஸ் முடிந்து வண்டியைத் திரும்ப வாங்கினவர் நேரே போகாமல் உட்கார்ந்து செயினைப் பார்த்தார்.

“யாருப்பா இதுக்கு எண்ண போட்டது?”

“நான்தான் முசே. டிக் இருக்கு பாருங்க.”

ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து செயினைத் துடைத்து என் முகத்துக்கு நேரே காட்டினார். செம்மண்தான் இருந்தது. “டிக்கை செயின்ல போடணும். நீ பேப்பர்ல போட்டுட்ட.”

தம்பிகள் சிரித்துவிட்டார்கள். நமசிவாயம் சார் வந்துவிட்டார். “நாம கொஞ்சம் கவனிக்காம விட்டுட்டோம் சார்.”

“இனிமே நானே கவனிச்சிக்கறேன். ஆப்பிரிக்காவுல ஜீப்பை அக்கு அக்கா பிரிச்சி மாட்டினவன் நான்.”

“தாராளமா சார். ஆனா ஒரு போல்ட்டு தப்பாச்சுன்னா இஞ்சின் போயிடும்.”

பேச்சு வளர்ந்து பந்தயமாகிவிட்டது. அடுத்த சர்வீஸை சொல்தா வீட்டிலேயே செய்துவிட்டுத் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வண்டியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். பதினெட்டும் சரியாக இருந்தால், அன்று முதல் எந்தக் கஸ்டமரும் தன் வண்டிக்குப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஒரு பிழை இருந்தாலும், சொல்தா எல்லார் முன்னாலும் தோல்வியை ஒப்புக்கொண்டு, உயிருள்ளவரை தன் வண்டியில் ஸ்பானர் வைக்கக் கூடாது. இரண்டு பேரும் கை குலுக்கினார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் முசே என் வலது கையைப் பிடித்தார். “டிக் போட்ட கை இதுதான?”

“மன்னிச்சிடுங்க முசே.”

“மன்னிப்ப நீயே வச்சிக்க. சர்வீஸ் அன்னிக்கு வீட்டுக்கு வா. எதையும் தொட வேணாம். பக்கத்துல நின்னு பாரு, தப்பா போனா வாயால சொல்லு.”

மேனேஜருக்குத் தெரிந்தால் அன்றோடு என் வேலை காலி. மகள் அப்போது நர்சிங் இரண்டாம் வருடம். ஆனாலும் அந்தக் கைக்குட்டை என் கண்ணிலேயே நின்றது. ஒப்புக்கொண்டேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வாசலில் வெள்ளைத் துண்டை விரித்து ஸ்பானர்களை அளவுப்படி அடுக்கி வைத்திருந்தார். வண்டியோடு கொடுக்கும் புத்தகத்தை நான் இருபது வருடத்தில் முழுதாகப் படித்ததில்லை. அவர் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுப் படித்திருந்தார். வீட்டம்மா, நாங்கள் மதாம் என்று கூப்பிடுகிறவர், சன்னலில் நின்றபடி, “பூசைக்குக்கூட இவ்ளோ சுத்தபத்தமா கெளம்பல லூர்து இவரு” என்றார்.

செயினை மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, காயவிட்டு, உள்பக்கமாக ஆயில் விட்டார். நடுவில் விரலால் தூக்கிப் பார்த்துத் தொய்வு சரிசெய்தார். ஏர் ஃபில்டரைத் தட்டினார். பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டி இடைவெளி பார்த்தார். பதினேழு வேலையும் முடிந்தது. அவர் செய்ததில் பாதி சுத்தமாக நான் செய்ததில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியாக இஞ்சின் ஆயில். இஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கினார், ஆயில் இளகி வர வேண்டும் அல்லவா. கீழே தட்டு. மேல் மூடியைத் திறந்த பிறகு அடியில் படுத்தார். அங்கேதான் டிரெயின் போல்ட். கழற்றினால் பழைய ஆயில் முழுதும் இறங்கிவிடும். வண்டிக்கு அடியில் போனதும் முசேவின் வாயில் தமிழ் நின்றுவிட்டது. முப்பது வருடம் வண்டிக்கு அடியில் அவர் கேட்ட உத்தரவெல்லாம் பிரெஞ்சு. ஆயில் வடிப்பதை ‘வீதான்ழ்’ என்றார்.

“நீயும் கத்துக்க லூர்து. தேசேரேன்னா தளத்தறது. சேரேன்னா இறுக்கறது.”

எனக்குப் பெருமையாகிவிட்டது. “தேசேரே முசே, தேசேரே!” என்று நானும் கூவினேன். போல்ட் தளர்ந்தது. ஆயில் இறங்கியது. கடைசிச் சொட்டு விழும்வரை காத்திருந்து, புது வாஷர் போட்டு, போல்ட்டை விரலாலேயே ஏற்றினார். அதுதான் முறை. பிறகு ஸ்பானர். முட்டி நின்றதும் கால் சுற்று, அவ்வளவுதான். உள்ளே அலுமினியம், அதற்குமேல் தாங்காது. எங்களிடம் டார்க் ரென்ச் இல்லை. என் கண்தான் டார்க் ரென்ச்.

கால் சுற்று வந்துவிட்டது. “சரி,” என்றேன்.

அவர் இன்னும் கொஞ்சம் முறுக்கினார்.

“சரி முசே, சரி!”

ஸ்பானரை இரண்டு கையால் பிடித்தார்.

“சரி! சரி! சரி!”

உடம்பு முழுவதையும் கொடுத்து இழுத்தார். ‘கடக்’ என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு போல்ட் சும்மா சுற்றியது. போல்ட்டைப் பிடித்து நிற்கும் மரை போய்விட்டது.

அடியிலிருந்து ‘மேர்து’ என்று ஒரு சொல் வந்தது. அர்த்தம் எனக்குத் தெரியாது. மதாம் சன்னலில் சிலுவை போட்டுக்கொண்டார், அதனால் நானும் போட்டுக்கொண்டேன்.

“இன்னா முசே, அவ்ளோ தூரம் சரி சரின்னு கத்தறேன், இறுக்கிக்கிட்டே போறீங்க?”

“நீதான சேரே, சேரேன்னு கத்துன! இன்னும் எவ்ளோடா இறுக்கச் சொல்றான்னு இருந்தது எனக்கு!”

“சரின்னா போதும்னு அர்த்தம் முசே!”

“சேரேன்னா இறுக்குன்னு அர்த்தம்!”

மதாம் சொன்னார்: “ஒரு போல்ட்டு மாட்டறதுக்கு எதுக்கு ரெண்டு பாஷ?”

ஞாயிற்றுக்கிழமை புது மரை வெட்டித் தர எந்த லேத்தும் திறந்திருக்காது. பந்தயத்தைத் தள்ளிவைக்கச் சொன்னேன். “திங்கக்கெழமன்னா திங்கக்கெழமதான்,” என்றார். குழாய்க்காரர்கள் சுற்றும் வெள்ளை டேப்பைப் போல்ட்டில் சுற்றி, மாட்டி, புது ஆயில் ஊற்றினோம். நிமிடத்துக்கு ஒரு சொட்டு விழுந்தது.

“முசே, நான் சொல்லிடறேன். நான் இருந்தேன், என் வாயாலதான் ஆச்சின்னு.”

“சொன்னா உன் வேல?”

“போயிடும்.”

கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். “பொண்ணு படிச்சி முடிக்கட்டும். அப்புறம் சொல்லு.”

திங்கட்கிழமை ஒன்பதுக்குச் சரியாக வந்தார். ஓடிய சூட்டில் ஒழுக்கு கூடி, பின்னால் ஈ.சி.ஆர் வரைக்கும் ஆயில் சொட்டுக் கோலம் போட்டுக்கொண்டே வந்திருந்தது. நமசிவாயம் சார் கேட்டுக்கு வெளியே போய் அந்தப் புள்ளிகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி திரும்பினார். “லூர்து, நாம பாத்துடலாமா?”

நான் படுத்து, நானே கெடுத்த போல்ட்டை டார்ச் அடித்து நானே பரிசோதித்தேன்.

“மரை போயிருக்கு சார்.”

“சார், செய்யும்போது யாராவது பக்கத்துல இருந்தாங்களா?” என்று மேனேஜர் முசேவைக் கேட்டார்.

முசே என்னைப் பார்க்கவில்லை. மேலே ஃபேனைப் பார்த்தார். “யாரும் இல்ல. நான், என் பொண்டாட்டி, ரெண்டு காக்கா.”

“அப்ப எழுதிடு லூர்து. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாரு.”

அந்தக் கட்டத்தில் என் கையால் எழுதினேன்: கஸ்டமர் தவறு.

முசே சர்வீஸ் சென்டரின் நடுவில் விறைப்பாக நின்றார். “நான் தோத்துட்டேன். இனிமே இந்த வண்டியில ஸ்பானர் வைக்க மாட்டேன்.” சொல்லிவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

நமசிவாயம் சார் அந்த ஜாப் கார்டை லேமினேட் செய்து சுவரில் மாட்டினார். வீட்டில் ஆயில் மாற்றலாமா என்று யார் கேட்டாலும் அதைக் காட்டுவார்கள். கதையும் வளர்ந்தது. சொல்தா சுத்தியலால் அடித்தார் என்று ஒருவன். தேங்காய் எண்ணெய் ஊற்றினார் என்று இன்னொருவன். நோணாங்குப்பம் பக்கம் போனால் இஞ்சின் வெடித்து ஆற்றில் விழுந்ததாகவே சொன்னார்கள். ஊரே கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரே முடிவுக்கு வரும்: நமக்கு எதுக்குப்பா வம்பு, டீலர்கிட்டயே விட்டுடலாம்.

முசே வாக்குத் தவறவில்லை. நான்கு மாதத்துக்கு ஒருமுறை வண்டியைக் கொண்டுவந்து விடுவார். கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். கைகளை மடியில் வைத்திருப்பார். ஸ்பானர்களை வெள்ளைத் துண்டில் அடுக்கிய கைகள் அவை. எப்போது சொல்லப் போகிறாய் என்று ஒரு முறைகூட என்னைக் கேட்டதில்லை. அவர் வண்டியில் மட்டும் நான் பதினெட்டு வேலையையும் ஒழுங்காகச் செய்தேன். அதனால் என்ன வந்தது?

மகள் படித்து முடித்தாள். கல்யாணம் முடியட்டும் என்றேன். முடிந்தது. ஓய்வு பெற்றபின் சொல்லலாம் என்றேன். ஓய்வு பெற்ற நாள் வந்தது. சால்வை போட்டு, மாலை போட்டு, நமசிவாயம் சார் பேசினார்: “சொல்தா வண்டியில நாம ஒரே நிமிஷத்துல கோளாறைக் கண்டுபிடிச்சோமே!” எல்லாரும் கை தட்டினார்கள். மாலையோடு உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டேன். ரெய்தாகூட இரண்டு தடவை வாங்கினேன்.

கோயிலில் முசே கண்ணில் படக் கூடாது என்று ஏழரை மணிப் பூசையை விட்டுவிட்டு ஐந்தரை மணிப் பூசைக்கு மாறினேன். “இருட்டோட எழுந்து போறீங்களே, இவ்ளோ பக்தி எப்பருந்துங்க?” என்றாள் என் மனைவி பிலோமினா. அவள் அக்கம்பக்கத்தில் அதைப் பெருமையாகவும் சொல்லி வைத்திருந்தாள்.

போன தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பங்குச்சாமியார் பொறுமையாகக் கேட்டார். “ஆண்டவர்கிட்ட சொல்லிட்ட, என்கிட்ட சொல்லிட்ட. அந்த மனுஷன்கிட்ட?” என்றார். மன்னிப்பு ஜெபம் முடிந்த பிறகு, “லூர்து, என் வண்டியில செயின் கறகறங்குது, அது இன்னா?” என்றும் கேட்டார். எண்ணெய் இல்லை சாமி என்றேன்.

அன்றைக்கே குருசுக்குப்பம் போனேன். முசேவுக்கு இப்போது எழுபத்தேழு.

“வா லூர்து. ஒரு போல்ட்டு விஷயம் பேச ஒம்பது வருஷமா?”

“மன்னிச்சிடுங்க முசே.”

“மன்னிப்பெல்லாம் சாமியார் குடுத்துருப்பாரு. எனக்கு அது வேணாம். அங்க எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்த குடுத்துட்டு வந்துட்டேன். அத அங்கியே போயி எனக்குத் திருப்பி வாங்கிக் குடு.”

மதாம் உள்ளேயிருந்து, “தெனம் அந்த ஸ்பானரத் தொடச்சித் தொடச்சி வக்கிறாரு லூர்து, கண்ணால பாக்க முடியல” என்றார். “நாளைக்குக் காலையிலயே போவோம் முசே” என்றேன்.

மறுநாள் இரண்டு பேரும் அவர் வண்டியிலேயே தட்டாஞ்சாவடி போனோம். ஒன்பது மணி. கற்பூரம் அப்போதுதான் அணைந்திருந்தது. மெக்கானிக்குகள், கண்ணாடிக்குப் பின்னால் நான்கு கஸ்டமர்கள், நமசிவாயம் சார். நான் அந்தக் கதவைத் திறந்து கஸ்டமர்களையும் ராம்ப் பக்கம் வரச் சொன்னேன். பிறகு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து திங்கட்கிழமை வரை நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். ‘சேரே’ இடத்தில் ஒரு கஸ்டமர் சிரித்துவிட்டார். முசேவும் சிரித்தார்.

நமசிவாயம் சார் சிரித்த முகம் மாறாமல் சொன்னார்: “அன்னிக்கு நாம தப்பா எழுதிட்டோம் போல லூர்து.”

“நாம இல்ல சார். நான்.”

அவர் சிரிப்பு நின்று நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். பந்தயம் செல்லாது, சொல்தா தன் வார்த்தையை எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார். கஸ்டமர் ராம்ப் பக்கம் நிற்பதைப் பற்றி மட்டும் ஹெட் ஆபீசைக் கேட்க வேண்டும் என்றார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சுவரிலிருந்து கார்டை இறக்கினேன். பிளாஸ்டிக்கின் மேல் பேனா எழுதவில்லை, வழுக்கிக்கொண்டே போனது. கடைசியில் நமசிவாயம் சாரே தன் பையிலிருந்து மார்க்கரை எடுத்துக் கொடுத்தார். ‘கஸ்டமர்’ என்பதை அடித்துவிட்டு மேலே ‘மெக்கானிக்’ என்று எழுதி மறுபடி மாட்டினேன். முசே ஒரு வேலையும் செய்ய விடாமல் வண்டியைத் திருப்பினார். அப்போது செய்ய வேண்டியிருந்த சர்வீஸை அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் வாசலில் அவரே செய்தார். வயதாகிவிட்டது, அடியில் மட்டும் என்னைப் படுக்கச் சொன்னார். இந்த முறை முழுக்கத் தமிழில்தான் பேச வேண்டும் என்று மதாம் சன்னலில் காவல் நின்றார்.

ஆனால் ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. இரண்டே வாரத்தில் நான் முசே காலில் விழுந்து கதறியதாக ஒரு கதை. மேனேஜர் என்னை அறைந்ததாக இன்னொன்று. கனகசெட்டிக்குளம் போய்ச் சேர்வதற்குள் முசே பிரெஞ்சு ஜெனரலாகவும் நான் போல்ட் திருடனாகவும் ஆகிவிட்டோம். அதனால்தான் எழுதினேன். எழுதியதை முசேவிடம் படித்துக் காட்டினேன். “யாரும் இல்லன்னு நான் சொன்னனே, அதுவும் பொய்தான். அதயும் வெட்டாதே,” என்றார்.

இதைப் படிக்கிறவர்கள், சொந்தக் கையால் வண்டியைத் தொடப் பயப்படும் ஒருவருக்காவது இதைக் கொடுங்கள். கூட்டாமல் குறைக்காமல் கொடுங்கள். என்னை நல்லவனாக்க வேண்டாம், அவரை ஜெனரலாக்க வேண்டாம். நான் ‘சரி’ என்று சொன்ன இடத்தில் ‘சரி’ என்றே இருக்கட்டும். படிக்கத் தெளிவாக இருக்கும் என்று யாரும் அதைப் ‘போதும்’ என்று திருத்திவிடாதீர்கள். அன்றைக்கு என் வாயில் ‘போதும்’ என்று வந்திருந்தால், மாதா சத்தியமாக, எழுதுவதற்கு ஒன்றுமே இருந்திருக்காது.